ஸ்நார்க்கல் குழாய் ஏன் இவ்வளவு குட்டை?

"இந்தக் குழாயை இன்னும் கொஞ்சம் நீளமா செஞ்சா என்னவாம்?" என்று கேட்டாள் என் மனைவி. நீரில் முகத்தைக் கவிழ்த்து மிதக்கும்போது வாயில் கடித்து மூச்சு விடும் ஸ்நார்க்கல் குழாயைத்தான் சொன்னாள். அந்தமானில் ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து எலிபென்ட் பீச்சுக்குப் போகும் படகில் உட்கார்ந்திருந்தோம். தீவுக்கு 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றியாயிற்று. ஆனாலும் படகுக்காரர்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். எங்கள் கைடு போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். "எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க அக்கா" என்று சிரித்தானே தவிர பதில் சொல்லவில்லை. மாஸ்கை மாட்டிவிட்டு, குழாயின் ரப்பர் முனையைப் பல்லால் கடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தண்ணீரில் குதித்துவிட்டான்.

நியாயமான கேள்விதான். குழாய் அரை மீட்டர்கூட இல்லை. அதனால் முகத்தை நீரில் கவிழ்த்து மிதக்கத்தான் முடிகிறது. பவளமோ மூன்று நான்கு மீட்டர் கீழே கிடக்கிறது. இரண்டு மீட்டர் குழாய் இருந்தால் பக்கத்திலேயே போய்ப் பார்க்கலாமே?

முதலில் மூச்சுக் கணக்கு. சும்மா இருக்கும்போது ஒரு தடவை இழுக்கும் மூச்சு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர். அதில் 150 மில்லி நுரையீரலின் உள்ளறைகள் வரை போவதே இல்லை. தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் நின்று, அப்படியே திரும்பி வந்துவிடும். ஸ்நார்க்கல் குழாய் இந்த வீண் இடத்தைத்தான் நீட்டுகிறது. இரண்டு சென்டிமீட்டர் விட்டமும் 40 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாயில் 125 மில்லி காற்று பிடிக்கும். நாம் கடைசியாக வெளியே விட்ட, கரியமில வாயு கலந்த காற்று அதிலேயே தங்கியிருக்கும். அடுத்த மூச்சில் முதலில் உள்ளே போவது அதுதான். ஆக 500 மில்லி இழுத்தால் உருப்படியாகப் போய்ச் சேரும் புதுக்காற்று 225 மில்லி. குழாயை ஒரு மீட்டராக்கிப் பாருங்கள், மிஞ்சுவது வெறும் 35 மில்லி. புதிதாக இறங்குபவர்கள் பதற்றத்தில் குட்டிக் குட்டியாக மூச்சு விட்டுவிட்டு, ஐந்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று மேலே வருவதற்கு இது ஒரு காரணம். நிதானமாக, ஆழமாக இழுத்து விட வேண்டும்.

சரி, ஆழமாகவே இழுக்கிறேன், ஒரு மூச்சுக்கு இரண்டு லிட்டர் இழுக்கிறேன் என்று வாதாடலாம். என் மனைவி வாதாடினாள். அங்கேதான் இரண்டாவது சிக்கல், பெரிய சிக்கல். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர அடிக்கும் 90 கிலோவுக்கு மேல் தண்ணீர் அமுக்குகிறது. குழாய் வழியாக நுரையீரலுக்குள் இருக்கும் காற்றோ மேலே உள்ள சாதாரணக் காற்றோடு தொடர்பில் இருக்கிறது. அதற்கு இந்தக் கூடுதல் அழுத்தம் இல்லை. அதாவது நெஞ்சுக்கூட்டை வெளியிலிருந்து கடல் நெருக்குகிறது, உள்ளிருந்து எதிர்த்துத் தள்ள எதுவும் இல்லை. மூச்சிழுக்கும் தசைகள் முழு பலத்தையும் திரட்டினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீர் உயரத்துக்கு ஈடு கொடுக்கும், அதுவும் ஒரு கணம்தான். நிமிடத்துக்குப் பதினைந்து முறை அதைச் செய்ய யாராலும் ஆகாது. நீர்மட்டத்தில் கவிழ்ந்து மிதக்கும்போதுகூட நெஞ்சில் லேசான இறுக்கம் தெரிகிறதே, அது நுரையீரல் ஒரு சாண் ஆழத்தில் இருப்பதன் விளைவு.

ஸ்கூபாக்காரர்கள் இருபது மீட்டர் ஆழத்தில் சாவகாசமாக மூச்சு விடுகிறார்களே என்றால், அவர்கள் முதுகில் உள்ள உருளையோடு ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது. சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ அதே அழுத்தத்தில் அது காற்றைக் கொடுக்கும். நெஞ்சுக்கு உள்ளேயும் வெளியேயும் சமன். 1943இல் பிரான்சில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் கான்யான் என்ற பொறியாளரும் உருவாக்கிய ஏற்பாடு அது.

ஆனால் இரண்டு மீட்டர் குழாயோடு கடலில் மூச்சு விடும் பிராணி ஒன்று உண்டு. நாங்கள் போன கடற்கரையின் பெயரிலேயே இருக்கிறது.

அந்தமான் காடுகளில் மரம் இழுப்பதற்காக ஒரு காலத்தில் யானைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அவை கடலில் நீந்தவும் செய்தன. ஹேவ்லாக்கில் வாழ்ந்த ராஜன் என்ற கொம்பன் யானை, மரம் இழுக்கும் வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு, கடலில் நீந்தும் படங்களாலேயே உலகப் புகழ் பெற்றது. 2016இல் இறந்துபோனது. அந்தப் படங்களை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பெரிய உடம்பு முழுக்க நீருக்குள். தும்பிக்கை நுனி மட்டும் மேலே. அசல் ஸ்நார்க்கல்.

யானை இப்படி நீந்தும்போது அதன் நுரையீரல் இரண்டு மீட்டர் ஆழத்தில் இருக்கக்கூடும். உடம்பின் ரத்தத்தை நீர் அமுக்குகிறது, நெஞ்சுக்குள் காற்றோ மேலுலக அழுத்தத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் அளவில் சொன்னால் சுமார் 150. நமக்கு நுரையீரலை ஒட்டி ஒன்று, நெஞ்சுச் சுவரை ஒட்டி ஒன்று என இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு. நடுவில் வழவழப்புக்குக் கொஞ்சம் நீர். இந்த வித்தியாசத்தில் அந்தச் சவ்விலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியும், உடையும்.

யானைக்கு அந்த இடைவெளியே கிடையாது. நுரையீரலும் நெஞ்சுச் சுவரும் இணைப்புத் திசுவால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சவ்வுகளும் மெல்லியவை அல்ல, தடித்த கெட்டித் திசு. யானையை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த விநோதம் 300 ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும். ஏன் இப்படி என்றுதான் தெரியவில்லை. 2001இல் ஜான் வெஸ்ட் என்ற உடலியல் அறிஞர் ஒரு விளக்கம் சொன்னார்: தும்பிக்கையால் நீருக்கடியில் மூச்சு விடும் உயிருக்கு இது தேவை. யானையின் மிக நெருங்கிய உறவுகளில் ஒன்று கடற்பசு, நம் பாக் நீரிணைப் பக்கத்தில் ஆவுளியா என்பார்களே, அது. யானையின் முன்னோர்களும் நீரில் வாழ்ந்தவை என்ற கருத்தோடு வெஸ்டின் விளக்கம் ஒத்துப்போகிறது. அந்தமான் நிக்கோபாரின் மாநில விலங்கும் கடற்பசுதான் என்பது தற்செயல். எனக்குப் பிடித்த தற்செயல்.

குழாயின் கதை இது. மாஸ்கின் கதை வேறு.

நீருக்குள் வெறுங்கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கல். கண்ணின் பார்வையைக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது உள்ளே இருக்கும் லென்ஸ் இல்லை, வெளிப்புறக் கருவிழிப்படலம். காற்றிலிருந்து அதற்குள் நுழையும்போது ஒளி நன்றாக வளைகிறது. ஆனால் அந்தப் படலமும் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரிதான். ஒளிவிலகல் எண் நீருக்கு 1.33, படலத்துக்கு 1.38. நீரிலிருந்து ஒளி அதற்குள் நுழையும்போது வளைவதற்கு ஒன்றுமே இல்லை. மாஸ்க் செய்வதெல்லாம் கண்ணுக்கு முன்னால் ஒரு கை காற்றைப் பிடித்து வைப்பதுதான். கண்ணாடி வெறும் கதவு. வேலை செய்வது காற்று.

அதற்கு ஒரு விலை உண்டு. தட்டையான கண்ணாடி வழியே பார்க்கும்போது ஒரு மீட்டர் தொலைவில் இருப்பது முக்கால் மீட்டரில் இருப்பதாகத் தோன்றும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். கைடு நீட்டிய மிதவை வளையத்தைப் பிடிக்கப் போய் இரண்டு முறை தண்ணீரைப் பிடித்தேன். நான் பார்த்ததாக ஊரில் சொல்லிக்கொண்டிருக்கும் மீனின் நீளத்திலும் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

மாஸ்கே வேண்டாம் என்றிருப்பவர்களும் இதே அந்தமான் கடலின் மறுகரையில் இருக்கிறார்கள். தாய்லாந்து, மியான்மர் ஓரத் தீவுகளில் வாழும் மோக்கன் என்ற கடலோடிகளின் பிள்ளைகள் வெறுங்கண்ணோடு முக்குளித்துச் சிப்பி பொறுக்குவார்கள். 2003இல் சுவீடனைச் சேர்ந்த அன்னா கிஸ்லேன் குழுவினர் சோதித்தபோது, நீருக்குள் ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் நுணுக்கமாக அவர்களுக்குப் பார்வை தெரிந்தது. மங்கலாகத் தெரிந்தால் நமக்குக் கண்மணி விரியும். அவர்களுக்கோ இரண்டு மில்லிமீட்டருக்கும் கீழே சுருங்குகிறது. கேமராவின் துளையைச் சின்னதாக்கினால் படம் தெளிவது போலத்தான். பிறவி வரமும் இல்லை. சில வாரப் பயிற்சியில் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது.

எங்களுக்கு மாஸ்க் இருந்தும் பத்து நிமிடத்தில் எல்லாம் புகைமூட்டம். முகத்தின் சூட்டில் ஈரமான காற்று, கடல் குளிர்வித்த கண்ணாடியில் பட்டுப் பொடித் துளிகளாகப் படிகிறது. கைடு என் மாஸ்கை வாங்கி, உள்ளே துப்பச் சொன்னான். என் மனைவி முகத்தைச் சுளித்தாள். எச்சிலில் உள்ள சமாச்சாரங்கள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும். துளி துளியாக நிற்காமல் நீர் ஒரே படலமாகப் பரவும், பார்வை தெளியும். குழந்தைகள் ஷாம்பூ ஒரு சொட்டும் இதையே செய்யும். அவளுக்கு ஷாம்பூ கிடைத்தது.

தலை உள்ளே போனதும் இன்னொன்று கவனத்துக்கு வந்தது: ஓயாமல் கடுகு பொரிகிற சத்தம். இது சொடுக்குப் போடும் இறால்களின் வேலை. விரல் நீளம்கூட இருக்காது. ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு. கொடுக்கு மூடும் அடியில்தான் சத்தம் வருகிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2000இல் அதிவேகக் கேமரா காட்டியது வேறு. கொடுக்கு மூடும் வேகத்தில் பீய்ச்சி அடிக்கும் நீரில் ஒரு குமிழி உண்டாகிறது. அது நொறுங்கும்போதுதான் அந்தப் படார்.

அந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் சொல்ல முடியாது. இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை பெரும்பாலும் திசையைக் கணிக்கிறது. காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும், நீரில் 1500. வித்தியாசம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. படகு இன்ஜின் சத்தமும் அப்படித்தான், எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் கேட்கும். சத்தம் வந்தால் தலையைத் தூக்கிப் பார் என்று கைடு மூன்று முறை சொன்னதன் பொருள் அப்போதுதான் புரிந்தது.

மத்தியானம் படங்களை அனுப்பினான். என் மனைவி குங்குமச் சிவப்பில் டி-ஷர்ட் போட்டிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கீழே இறங்கியபோது எடுத்த படங்களில் அது பழைய காப்பிக் கறை நிறம். கடல்நீர் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பால் அல்ல. 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிய சி.வி.ராமன், ஒரு பட்டகத்தால் வானத்தின் பிரதிபலிப்பை வடிகட்டிப் பார்த்தபோது கடல் இன்னும் ஆழ்ந்த நீலமாகத் தெரிந்தது. ஒளியைச் சிதறடிப்பதோடு, நீர் மூலக்கூறுகள் தங்கள் அதிர்வுகளுக்காகச் சிவப்பு ஒளியை விழுங்கவும் செய்கின்றன. மேலிருந்து கீழே வரும் சில மீட்டரில் பாதிக்கு மேல் காலி. சட்டையில் பட்டு கேமராவுக்குப் போகும் வழியில் மிச்சமும் காலி.

இதையெல்லாம் படகில் விலாவாரியாக விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அறைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த டி-ஷர்ட்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சாயம் போயிருக்கிறதா என்று பார்த்தாள்.