செல்போனில் பதிவான பேய்

போன அக்டோபர் 31ஆம் தேதி இரவு, ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பேய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. குடியிருப்பில் உள்ள பிள்ளைகள் பதினொரு பேர் அதைப் பார்த்தார்கள். ஒரு பையன் செல்போனில் படம் எடுத்தான். படத்திலும் பேய் இருந்தது. அரை மணி நேரம் கழித்து, அதே பிள்ளைகள் ஓர் எலுமிச்சம்பழம் மேலே பறந்து காற்றிலேயே மறைவதைப் பார்த்தார்கள். அதையும் அவன் வீடியோ எடுத்திருந்தான். ஓட்டிப் பார்த்தால், பழம் என் கையை விட்டுக் கிளம்பவே இல்லை.

இரண்டு வித்தையிலும் பிள்ளைகள் பார்த்தது அங்கே இல்லாத ஒன்றைத்தான். ஒன்று செல்போனில் விழுந்தது, இன்னொன்று விழவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஹாலோவீன் நமக்கு எதற்கு என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்கு அனைத்துப் புனிதர்களின் நாள். அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். மறுநாள், நவம்பர் 2, கல்லறைத் திருநாள். காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் அன்றைக்கு எரியும் மெழுகுவத்திகளைப் பார்த்து வளர்ந்த வடசென்னைக்காரர்களுக்கு இந்த வாரம் அந்நியமானதல்ல. முகம் செதுக்கிய பூசணிகூட நமக்குப் புதிதா என்ன? கட்டி முடிக்காத வீடுகளின் வாசலில் கண்ணை உருட்டி மீசை முறுக்கித் தொங்குகிறதே திருஷ்டிப் பூசணி! சரி, பேய்க்கு வருவோம்.

அந்தப் பேய் எப்படி வேலை செய்கிறது என்பதை மெட்ரோ ரயிலில் பார்க்கலாம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் போகும் வண்டியில் பகல் நேரத்தில் ஏறி, ஜன்னல் பக்கமாக நில்லுங்கள். தண்டையார்பேட்டை வரைக்கும் பாதை சுரங்கத்துக்குள் போகிறது. கண்ணாடிக்கு வெளியே, இருட்டில், உங்கள் முகம் வண்டியோடு கூடவே மிதந்து வரும். அப்புறம் வண்டி மேலேறி வெளிச்சத்துக்கு வந்ததும் முகம் காணாமல் போய், வீடுகளும் மொட்டை மாடிகளும் தெரியும்.

முகம் உண்மையில் எங்கேயும் போகவில்லை. கண்ணாடி என்பது ஒளியை முழுக்க உள்ளே விடும் பொருள் என்று நினைக்கிறோம். ஆனால் அதன் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நேராக விழும் ஒளியில் முன்பரப்பு சுமார் 4 சதவீதம், பின்பரப்பு சுமார் 4 சதவீதம், ஆக 8 சதவீதம். 45 பாகை சாய்வாக விழுந்தால் மொத்தம் 10 சதவீதத்தை நெருங்கும். இந்த அளவு சுரங்கத்திலும் அதேதான், வெயிலிலும் அதேதான். வெளியே இருட்டாக இருக்கும்போது போட்டிக்கு வேறு ஒளி இல்லாததால் அந்தச் சின்னப் பங்கு கண்ணுக்குத் தெரிகிறது. வெளியே வெயில் அடித்தால் அது அமுங்கிவிடுகிறது.

பேயை வரவழைக்க இவ்வளவு அறிவு போதும். பெயர்ப்பலகை செய்யும் கடையில் மூன்றடிக்கு நான்கடி அளவில், கண்ணாடி மாதிரியே ஊடுருவித் தெரியும் மெல்லிய அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு வாங்கினேன். கண்ணாடியே இன்னும் தெளிவாகக் காட்டும், ஆனால் இருட்டில் பிள்ளைகள் ஓடும் இடத்தில் கண்ணாடி வேண்டாம். மெழுகுவத்தியும் வேண்டாம். கூடத்தின் நடுவில் அந்தத் தகட்டைச் சாய்கோணமாக, பார்ப்பவர்களுக்கு 45 பாகையில் நிறுத்தினேன். அதற்குப் பின்னால் ஆறடி தள்ளி ஒரு காலி நாற்காலி. பக்கவாட்டில் சமையலறை வாசல். உள்ளே, பிள்ளைகளின் கண்ணில் படாத இடத்தில், வெள்ளைச் சட்டையும் முகம் நிறையப் பவுடருமாக என் அக்கா மகள். அவளுக்குப் பின்னால் எம்.சி. ரோட்டில் வாங்கிய கறுப்புத் துணி. கறுப்பு நிறம் ஒளியை அதிகம் திருப்பி அனுப்பாது என்பதால், அலமாரியும் டப்பாக்களும் பேயோடு சேர்ந்து தெரியாமல் இருக்க அது வேண்டும்.

விளக்கை அணைத்துவிட்டு, அவள் மீது டார்ச் அடிக்க வேண்டும். டார்ச்சை விரல்களால் மூடி, மெதுவாகத் திறக்க வேண்டும். அவள் முகத்தில் பட்ட ஒளி தகட்டுக்கு வந்து, அதில் பத்தில் ஒரு பங்கு திரும்பிப் பிள்ளைகளின் கண்ணுக்குப் போகிறது. ஒளி வழியில் திரும்பியது மூளைக்குத் தெரியாது. கண்ணுக்குள் எந்தத் திசையில் வந்ததோ, அதே திசையில் நேராகப் பின்னுக்குப் போய்ப் பொருளைத் தேடும். அங்கே இருப்பது காலி நாற்காலி. அதனால் அதில் ஒரு வெள்ளைச் சிறுமி கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிறாள்.

ஒத்திகையில் ஒரு தப்பு செய்தேன். இடம் போதவில்லை என்று அவளைத் தகட்டிலிருந்து நான்கடியில் உட்கார வைத்தேன். நடுவில் இருந்து பார்த்த எனக்குப் பேய் நாற்காலியில்தான் இருந்தது. இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மாவோ, "பேய் என்னடா நாற்காலிக்குப் பக்கத்துல அந்தரத்துல நிக்குது?" என்றார். கண்ணாடியில் தெரியும் பிம்பம் அதன் பரப்பில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. பொருள் முன்னால் எவ்வளவு தூரமோ, பிம்பம் பின்னால் அவ்வளவு தூரம். நான்கடியில் உட்கார்ந்தவளின் பிம்பம் நாற்காலிக்கு இரண்டடி முன்னால் நின்றது. அவளையும் ஆறடிக்குத் தள்ளிய பிறகு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பேய் நாற்காலியை விட்டு நகரவில்லை.

நான் எதிர்பாராத ஒன்று அவள் கூந்தல். பேய்க்கு முகம் இருந்தது, முடி இல்லை! கறுப்பு முடி திருப்பி அனுப்பும் ஒளி மிகக் குறைவு, அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் ஒன்றுமே இல்லை. பிம்பத்தால் ஒளியைக் கூட்டத்தான் முடியும், பின்னால் இருப்பதை மறைக்க முடியாது. அதனால்தான் அவள் உடம்பின் ஊடாக நாற்காலியின் கம்பிகள் தெரிந்தன. பேய் என்றால் ஊடுருவித் தெரிய வேண்டும் என்று நாம் வைத்திருக்கும் எண்ணத்துக்கு இந்தக் குறை அருமையாகப் பொருந்திவிடுகிறது.

இந்த வித்தை 1862 டிசம்பர் 24 அன்று லண்டனின் ராயல் பாலிடெக்னிக்கில் மேடையேறியது. நம் ராயபுரம் ரயில் நிலையம் திறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. முதலில் யோசித்தவர் ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளர். ஆனால் அவர் சொன்ன மாதிரி செய்ய அரங்கத்தையே மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. ஜான் ஹென்றி பெப்பர் என்பவர், மேடைக்குக் கீழே ஒரு குழியில் நடிகரை மறைத்து, மேடை விளிம்பில் கண்ணாடியைச் சாய்த்து, சாதாரண அரங்குக்குத் தோதாக மாற்றினார். வித்தைக்கு 'பெப்பரின் பேய்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. டிர்க்ஸின் பெயரை அதிகம் பேர் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். செய்தி வாசிப்பவர் கேமராவைப் பார்த்தபடியே எழுத்துகளைப் படிக்கிறாரே, அந்த டெலிபிராம்ப்டரும் இதே சாய்ந்த கண்ணாடிதான்.

இப்போது எலுமிச்சம்பழம். இதில் கண்ணாடியும் இல்லை, இருட்டும் இல்லை. பழத்தை மேலே போட்டுப் பிடித்தேன். மறுபடியும் போட்டுப் பிடித்தேன். மூன்றாவது முறை கை அதே மாதிரி எழும்பியது, பழம் உள்ளங்கையிலேயே தங்கிவிட்டது. என் கண்கள் மட்டும் இல்லாத பழத்தோடு மேலே போயின. "ஃபேன் வரைக்கும் போய் மறைஞ்சிருச்சு" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

1900ஆம் ஆண்டிலேயே நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்திருக்கிறார். ஏறக்குறைய பாதிப் பேர், எறியாத பந்து மேலே போய் மறைந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். 2006இல் குஸ்டாவ் குன், மைக்கேல் லேண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு படி மேலே போனார்கள். வித்தைக்காரர் மேலே பார்த்தபோது 68 சதவீதம் பேர் ஏமாந்தார்கள். கையின் அசைவு அப்படியே இருக்க, அவர் தன் கையைப் பார்த்தபோது 32 சதவீதம் பேர்தான் ஏமாந்தார்கள். அதாவது பாதிக்கு மேலான வேலையைச் செய்வது கையல்ல, பார்வை.

அவர்கள் பார்ப்பவர்களின் கண் அசைவையும் கருவியால் அளந்தார்கள். பந்து மேலே போனதைக் கண்டேன் என்று சொன்னவர்களில் பெரும்பாலோரின் கண்கள் அந்த இடத்துக்குப் போகவே இல்லை. வித்தைக்காரரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. கண் ஏமாறவில்லை, மூளை ஏமாந்தது. விழித்திரையில் விழுந்த ஒளி மூளையில் காட்சியாக ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நொடி ஆகிவிடும். அவ்வளவு தாமதமாகத் தெரிந்துகொண்டால் பறந்து வரும் பந்தைப் பிடிக்க முடியாது. அதனால் மூளை கொஞ்சம் முன்கூட்டியே கணித்துவிடுகிறது. இரண்டு முறை மேலே போன பழம், அதே கை, அதே தலையசைவு, மேலே போகும் பார்வை எல்லாம் சேர்ந்தால் கணிப்பே காட்சியாகிவிடுகிறது. மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன்பு அதன் வாசலில் மோடி மஸ்தான்கள் பார்வையாலும் பேச்சாலும் கூட்டத்தைக் கட்டிப்போடுவார்கள் என்று அப்பா சொல்வார். நுட்பமான ஆட்கள்.

செல்போன் இரண்டு வித்தைகளையும் எப்படிப் பிரித்தது என்பது இப்போது புரிந்திருக்கும். பேய் விஷயத்தில் ஒளி உண்மையாகவே லென்ஸுக்கு வந்தது, தப்பான முகவரியோடு வந்தது, அவ்வளவுதான். பழம் விஷயத்தில் மேலேயிருந்து எந்த ஒளியும் வரவில்லை. லென்ஸுக்கு எதிர்பார்ப்பு கிடையாது. ஆனால் அந்த வீடியோவையே பிள்ளைகளுக்கு முழு வேகத்தில் ஓட்டிக் காட்டினால், இரண்டு மூன்று பேர் மறுபடியும் பழம் பறப்பதைப் பார்க்கிறார்கள். குனும் லேண்டும் வீடியோவை வைத்துத்தான் சோதித்தார்கள். வீடியோவை நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்தினால்தான் கையில் இருக்கும் பழம் தெரிகிறது.

அக்கா மகளுக்குப் பேயாக இருந்தது போதவில்லை, எலுமிச்சை வித்தையும் வேண்டுமாம். கண்ணாடி முன்னால் நின்று பழகினாள், வரவில்லை. "மாமா, மேல பார்த்தா கண்ணாடி தெரியல, கண்ணாடியப் பார்த்தா மேல பார்க்க முடியல" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். இந்த வித்தையைப் பழக எதிரே ஓர் ஆள் வேண்டும். ஆயாவைப் பிடித்து உட்கார வைத்தாள். முதல் இரண்டு நாளும் ஆயா, "கையிலதான்டி வச்சிருக்க" என்றார். அந்த இரண்டு நாளும், பழம் பத்திரமாக இருக்கிறதா என்று அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாள் தலையை நிமிர்த்தி ஃபேனைப் பார்த்தாள்.

"மேல போச்சே, எங்கடி அது?" என்றார் ஆயா.