சன்ஸ்கிரீன்: வெயில் தடுப்பா, வெயிற்காப்பா?

வெயிலில் இறங்கும் முன் தோலில் பூசிக்கொள்ளும் பூச்சின் பெயரான ‘சன்ஸ்கிரீன்’ என்னும் கூட்டுச்சொல்லில் ‘சன்’ ஞாயிற்றைக் குறிக்கிறது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. செய்தியெல்லாம் ‘ஸ்கிரீன்’ என்பதில் இருக்கிறது. திரையரங்கின் திரையையும் கைப்பேசியின் திரையையும் குறிக்கத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அந்தச் சொல், குளிர்நாட்டு வீடுகளில் கணப்பு நெருப்பின் அனல் முகத்தில் நேரே அடிக்காமலிருக்க இடையில் நிறுத்தி வைத்த மறைப்பைக் குறித்தது. அந்த மறைப்பு நெருப்பை அணைப்பதில்லை. அனலின் கடுமையைக் குறைத்துத் தருகிறது, அவ்வளவுதான். தோலில் பூசும் பூச்சும் அப்படித்தான் வேலை செய்கிறது என்பதால், பெயரிட்டவர்கள் பொருத்தமாகவே பெயரிட்டிருக்கிறார்கள்.

தமிழில் இதற்கு ‘சூரிய ஒளித் தடுப்புக் களிம்பு’, ‘வெயில் தடுப்பான்’ போன்ற பெயர்கள் எழுதப்படுகின்றன. பேச்சில் சன்ஸ்கிரீன் என்பதே நிலைத்துவிட்டது. கடையில் அப்படிக் கேட்பதில் பிழையும் இல்லை. ஆனால் எழுதும்போது ‘தடுப்பு’ என்று பெயர்ப்பதை நான் ஏற்கத் தயங்குகிறேன். தடுப்புச்சுவர், தடுப்பணை என்று பழகிய காதுக்கு அந்தச் சொல் ‘அப்பால் எதுவும் போகாது’ என்னும் உறுதியைத் தருகிறது, இந்தப் பூச்சோ அப்படிப்பட்ட உறுதியைத் தர இயலாதது. ஆங்கிலத்திலும் இதே சிக்கல் எழுந்தது. முற்றாகத் தடுப்பது என்று பொருள்படும் ‘சன்பிளாக்’ என்னும் சொல்லையும், நீர் புகாதது, வியர்வை புகாதது என்னும் சொற்களையும் இத்தகைய பூச்சுகளின் உறைமேல் அச்சிடக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல் விதி வகுத்தது. அங்கே விலக்கப்பட்ட பொருளை நாம் மொழிபெயர்ப்பின் வழியே திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை.

ஞாயிற்றின் கதிரைப் பூச்சு எவ்வளவு குறைக்கிறது என்பதைச் சொல்வது உறைமேல் ‘எஸ்பிஎஃப்’ (Sun Protection Factor என்பதன் சுருக்கம்) என்னும் எழுத்துகளை அடுத்து வரும் எண். ஜெர்மனியின் ருடால்ஃப் ஷூல்ஸே 1956இல் முன்வைத்த அளவையை ஆஸ்திரிய வேதியியலாளர் ஃபிரான்ஸ் கிரைட்டர் 1974இல் செம்மைப்படுத்திப் பரப்பினார். 1978இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் அதை எடுத்துக்கொண்டது. வெறுந்தோல் சிவந்து கன்றுவதற்குத் தேவைப்படும் கதிரளவைப்போல எத்தனை மடங்கு பட்டால் பூசிய தோல் கன்றும் என்பதே அந்த எண். ஆகவே 15 என்றால் கன்றச்செய்யும் கதிர்களில் ஏறத்தாழ 7 விழுக்காடும், 30 என்றால் 3 விழுக்காடும், 50 என்றால் 2 விழுக்காடும் தோலைச் சென்று சேர்கின்றன. எந்த எண்ணிலும் மீதி சுழியாவதில்லை. இதைச் ‘சூரியப் பாதுகாப்புக் காரணி’ என்று மொழிபெயர்க்கிறார்கள். காரணி என்றால் ஒன்று நிகழக் காரணமாக இருப்பது என்றே பொதுவாசகர் பொருள் கொள்வார். இங்கே குறிப்பது ஒரு பெருக்கம். எனவே ‘காப்பு மடங்கு’ என்பது தெளிவாகவும் சரியாகவும் இருக்கும்.

இனி எதிலிருந்து காப்பது என்னும் கேள்வி. வெம்மை, வெந்நீர், வெய்யோன், வேனில் என்று விரியும் சொற்குடும்பத்தைச் சேர்ந்தது ‘வெயில்’. ஒளியையும் சூட்டையும் பிரிக்காமல் சேர்த்துச் சொல்லும் அழகான சொல் அது. ஆனால் தோலைக் கெடுக்கும் புறஊதாக் கதிர் கண்ணுக்கும் தெரியாது, சூடாகவும் உறைக்காது. வெப்பம் பிற்பகலில் உச்சத்தை எட்டுகிறது. புறஊதாவோ ஞாயிறு தலைக்கு மேல் நிற்கும் நண்பகலிலேயே எட்டிவிடுகிறது. சென்னையில் ஞாயிறு நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும். அதாவது கத்திரி தொடங்கும் முன்பே ஒருமுறை, கத்திரி முடிந்து வெகுநாள் கழித்து மறுமுறை. கடற்காற்று வீசி உடல் குளிரும்போதும், மெல்லிய மேகம் மூடியிருக்கும்போதும் புறஊதா பெருமளவு வந்துகொண்டுதான் இருக்கும். பூச்சு சூட்டைத் தணிக்காது என்பதும், சூடு குறைவான நாளிலும் பூச்சு தேவைப்படும் என்பதும் இதனால் விளங்கும்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வெயில் திரை’ என்று வரும். அதில் எனக்கு ஓர் ஆசை உண்டு. தமிழில் ‘திரை’ மறைப்பை மட்டுமன்றித் தோலில் விழும் சுருக்கத்தையும் குறிக்கும்; நரை, திரை, மூப்பு என்று சேர்த்தே சொல்வோம். புறஊதாக் கதிர்களில் அலைநீளம் மிகுந்த ‘ஏ’ வகை, தோலின் ஆழத்துக்குச் சென்று அதைத் தாங்கும் நார்ப்புரதத்தைச் சிதைத்துக் காலத்துக்கு முன்பே அந்தத் திரையை வரவழைப்பது. திரையைத் தள்ளிப்போடும் திரை என்னும் பொருத்தம் இனிக்கிறது. ஆனால் புணர்ச்சி விதிப்படி அது ‘வெயிற்றிரை’ ஆகிவிடும். விளக்கம் இல்லாமல் யாருக்கும் புரியாது. ஆகவே ‘வெயிற்காப்பு’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். ‘கா’ என்னும் வினையடியாகப் பிறந்த காப்பு, நூலின் தொடக்கத்தில் பாடும் செய்யுளுக்கும், மாரியம்மன் திருவிழா தொடங்கும்போது கட்டும் மஞ்சள் கயிற்றுக்கும் பெயராக இருக்கிறது. இரண்டும் செயலில் இறங்கும் முன்பே செய்துகொள்பவை. இந்தப் பூச்சையும் வெளியில் இறங்குவதற்குக் கால்மணி நேரம் முன்பே பூசிக்கொள்ள வேண்டும். களி போன்றதை ‘வெயிற்காப்புக் களிம்பு’ என்றும், பொதுவாக ‘வெயிற்காப்புப் பூச்சு’ என்றும் எழுதலாம்.

தேர்ந்தெடுக்கும்போது பலரும் காப்பு மடங்கின் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். அந்த எண் பெரும்பாலும் தோலைக் கன்றச்செய்யும் ‘பி’ வகைக் கதிரைப் பற்றியது. சன்னல் கண்ணாடியையும் கடந்து வரும் ‘ஏ’ வகைக்கு ‘பிஏ’ (PA) என்னும் குறியை அடுத்து வரும் கூட்டல் அடையாளங்களைப் பார்க்க வேண்டும். ஜப்பானில் தோன்றிய இந்த முறையில் 4 கூட்டல் குறிகள் உச்சம். நம் வெயிலுக்கு எண் 30க்குக் குறையாமலும், கூட்டல் குறி 3க்குக் குறையாமலும் இருப்பது நல்லது. எண்ணெய் வழியும் முகத்துக்கு ஜெல், வறண்ட தோலுக்குக் கிரீம் என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

நம் நிறத்தவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் கலந்த பூச்சு மாநிறத் தோலில் சாம்பல் பூத்ததுபோல் தெரிவதால் பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். அவை முகம் பார்க்கும் கண்ணாடிபோலக் கதிரைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்வதும் பெரும்பகுதி தவறு. மற்ற வேதிப்பொருள்களைப் போலவே அவையும் பெரும்பாலும் கதிரை உறிஞ்சிக்கொள்கின்றன. கன்னத்தில் மங்கு என்னும் கருந்திட்டு விழுந்தவர்களுக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்திலுள்ள பூச்சு கூடுதல் பயன் தரும். மங்கு மேலும் கருப்பதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு, நிறமற்ற பூச்சு அதை விட்டுவிடும். கருத்த தோலிலுள்ள மெலனின் என்னும் நிறமி ஓரளவு காக்கிறது என்பது உண்மை. மங்கு விழுவதையும் திட்டுத் திட்டான கருமையையும் அது தடுப்பதில்லை. மஞ்சளும் சந்தனமும் தேங்காய் எண்ணெயும் இதற்கு ஈடாகமாட்டா.

எல்லாவற்றையும் சரியாகப் பார்த்து வாங்கியவர்களும் தவறுவது அளவில்தான். ஆய்வகத்தில் காப்பு மடங்கைக் கணக்கிடும்போது ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மி.கி. பூசுகிறார்கள். வீட்டில் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் இழுத்துத் தேய்த்தால் 50 என்று அச்சிட்ட பூச்சு அந்தக் காப்பைத் தராது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறையப் போதும். காதும் பின்கழுத்தும் விடுபடக் கூடாது. வெயிலில் இருக்கும்வரை 2 மணிநேரத்துக்கு ஒருமுறையும், வியர்வையைத் துடைத்த பின்பும், நீந்தி எழுந்த பின்பும் மறுபடி பூச வேண்டும். வண்டிப் பெட்டியில் வெந்துகொண்டிருந்த குழாயையும் காலாவதியானதையும் நம்ப வேண்டாம். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பூச்சுக்கு மாறாக நிழலும் குடையும் மெல்லிய பருத்தித் துணியுமே போதும்.