ரெசிடென்சி: உறைவிடமா, உறைவா?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு வட்டாரங்களில் ஓவியமும் சிற்பமும் பயிலும் தமிழ் இளைஞர்களின் பேச்சில் ‘ரெசிடென்சி’ என்ற சொல் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி–முசிறிஸ் பினாலே என்ற ஈராண்டுக் கலைக்கண்காட்சி தொடங்கிய பிறகு, சமகாலக் கலையின் சொற்கள் பல இப்பக்கமும் வந்து சேர்ந்தன. அவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் தங்கும் விடுதிகளும் இதே பெயரைச் சூடி நிற்கின்றன. ஆகவே, மகளோ மகனோ மூன்று மாதம் ரெசிடென்சிக்குப் போகப்போவதாகக் கேள்விப்படும் பெற்றோர், அறை வாடகை எவ்வளவு என்று முதலில் கேட்பது இயல்பே. அந்தக் கேள்வி நகைப்புக்குரியதும் அன்று. வாடகை வாங்கும் கலை ரெசிடென்சிகளும் இருக்கத்தான் செய்கின்றன.

கலைத்துறையில் இச்சொல்லின் பொருள் இது: ஒரு நிறுவனமோ கலைஞர் குழுவோ, தேர்ந்தெடுத்த கலைஞர் ஒருவருக்குக் குறிப்பிட்ட காலம் தங்குமிடமும் பணிக்கூடமும் அளித்து, வழக்கமான பிழைப்புக் கவலையிலிருந்து விலகி அவர் தம் வேலையில் ஈடுபட வழி செய்யும் ஏற்பாடு. சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நீள்வதே பெரும்பான்மை. பயணச் செலவு, பொருட்செலவு, படித்தொகை ஆகியன சில இடங்களில் சேர்ந்து கிடைக்கும். சில இடங்களில் கூரை மட்டுமே கிடைக்கும். இவை அனைத்துக்கும் ஒரே பெயர் வழங்குவதுதான் குழப்பத்தின் வேர்.

சொல்லின் மூலம் இலத்தீன். ‘செதேரெ’ என்றால் அமர்தல். ‘ரெ’ என்ற முன்னொட்டுடன் சேர்ந்து ‘ரெசிதேரெ’ ஆகும்போது, மற்றவர் எழுந்து போன பின்னும் அங்கேயே அமர்ந்திருத்தல், தங்கிவிடுதல் என்ற பொருள் பிறந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. நம் ‘இரு’ என்ற வினையும் அமர்தல், தங்குதல் இரண்டையும் குறிப்பதே. மலையாளத்தில் ‘இரிக்கு’ என்றால் உட்கார் என்று பொருள்; தமிழில் ‘இங்கேயே இரு’ என்றால் போகாதே என்று பொருள்; ‘குடியிருப்பு’, ‘இருப்பிடம்’ எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை.

கேரள மண்ணில் இச்சொல் முதலில் கலையோடு வரவில்லை, அதிகாரத்தோடு வந்தது. திருவிதாங்கூர், கொச்சி அரசுகளில் ஆங்கிலேயர் அமர்த்திய பிரதிநிதிக்கு ‘ரெசிடென்ட்’ என்றும், அவருடைய மாளிகைக்கு ‘ரெசிடென்சி’ என்றும் பெயர். கொல்லம் நகரின் ஆசிராமம் பகுதியில், ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில் எழுந்த மாளிகை அவ்வகையினது. இன்று அது அரசு விருந்தினர் மாளிகை. பின்னர் மருத்துவக் கல்வியில், மருத்துவமனையிலேயே தங்கிப் பயிலும் இளம் மருத்துவரின் பயிற்சிக் காலத்துக்கும் இப்பெயர் அமைந்தது. இவ்விரு வழக்குகளிலும் பொதுவானது, தன் ஊர் அல்லாத ஓரிடத்தில் ஒரு வேலையின் பொருட்டுத் தங்குவது. கலைத்துறைப் பொருளும் இதிலிருந்து விலகியதன்று.

கலைக்கான ஏற்பாடாக இதன் பழைய முன்மாதிரி, 1666இல் ரோமில் நிறுவப்பட்ட பிரெஞ்சு அகாதெமி. பரிசு பெற்ற இளம் ஓவியர்களும் சிற்பிகளும் அரசுச் செலவில் ஆண்டுக்கணக்கில் அங்கே தங்குவர். அதற்கு ஈடாகப் பழம்படைப்புகளைப் படியெடுத்துப் பாரிசுக்கு அனுப்ப வேண்டும். 1907இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கிய மாக்டவல் இதற்கு நேர் எதிர். அங்கே காட்டுக்குள் தனித்தனிப் பணிக்கூடங்கள். மதிய உணவுகூட, வேலைக்கு இடையூறு இல்லாதபடி, கூடையில் வாசலில் வைக்கப்படும். முன்னதில் தங்குபவர் திருப்பித் தரவேண்டிய கடன் தெளிவானது. பின்னதில் கடனே இல்லை. இன்று அறிவிக்கப்படும் எந்த ரெசிடென்சியும் இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்பதுதான். இந்தியாவில் 1997இல் கலைஞர்களே ஒரு பட்டறையாகத் தொடங்கிப் பின்னர் டெல்லியில் நிலைபெற்ற கோஜ், பெங்களூருவில் சுரேஷ் ஜெயராம் உருவாக்கிய ‘1சாந்திரோடு’ என்ற கலைக்கூடம், ஃபோர்ட் கொச்சியின் பழைய கிடங்குக் கட்டடமான பெப்பர் ஹவுஸில் கொச்சி பினாலே அறக்கட்டளை நடத்திய திட்டம் ஆகியவை நம் பகுதியினர் பெரிதும் கேள்விப்படும் பெயர்கள்.

புரவலர் நிழலில் தங்கிப் படைப்பது நமக்குப் புதிதன்று. அதியமானிடம் பல நாள் தங்கிய ஔவையார், எத்தனை நாள் சென்றாலும் அவன் முதல் நாள் போன்ற விருப்பத்தோடு நடத்துகிறான் என்று பாடிய புறப்பாட்டின் துறை, ‘பரிசில் கடாநிலை’. அதாவது, வரவேண்டிய பரிசிலைக் கேட்டு நிற்பது. படித்தொகை தாமதமாகும் கலைஞர்கள் இத்துறையை அறிந்து வைத்திருப்பது நல்லது.

இனி, இதனோடு குழம்பக்கூடிய இரண்டைப் பிரித்துவிட வேண்டும். முதலாவது கலைஞர் கிராமம். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சென்னைக்குத் தெற்கே உருவான சோழமண்டலம், ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் (மெழுகு தடவிச் சாயமிட்ட துணி) முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் தாங்களே நிலம் வாங்கி அமைத்துக்கொண்ட ஊர். அங்கே கலைஞர் விருந்தினர் அல்லர், சொந்தக் குடியிருப்பாளர். ஆகவே அதை ரெசிடென்சி என்பது பொருந்தாது.

இரண்டாவது ‘கேம்ப்’. கேரளத்தில் ஓவிய கேம்ப் என்பது நன்கு வேரூன்றிய வழக்கம்: சில நாள் கூட்டமாகத் தங்கி வரைவார்கள்; துணியும் வண்ணமும் உணவும் ஏற்பாட்டாளர் பொறுப்பு; முடிவில் ஒரு தொகை தரப்படும், வரைந்த படம் பெரும்பாலும் ஏற்பாட்டாளரிடம் தங்கிவிடும். இதற்கு ‘முகாம்’ என்ற சொல்லே போதும். அதை அழைப்பிதழில் ரெசிடென்சி என்று அச்சிடுவதை நான் ஏற்பதில்லை. ஏனெனில், முகாமில் கேட்கப்படுவது ஒரு படம், ரெசிடென்சியில் தரப்படுவது காலம். இந்த வேறுபாட்டுக்குச் சட்டமுனையும் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி படைத்தவரே முதல் உரிமையாளர். எனினும் ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் கைம்மாறு பெற்று வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், கேட்டவரே முதல் உரிமையாளர் ஆவார். படத்தைக் கொடுப்பதும் அதன் பதிப்புரிமையைக் கொடுப்பதும் வேறு வேறு என்பதால், எது யாருக்கு என்று எழுதி வாங்கிக்கொள்வது இரு ஏற்பாடுகளிலும் தேவை.

தமிழில் என்ன சொல்வது? ‘இருப்பிடம்’ என்பதை வருவாய்த்துறையின் இருப்பிடச் சான்றிதழ் எடுத்துக்கொண்டது. ‘இருப்பு’ வங்கிக் கணக்கிலும் கடைச் சரக்கிலும் நிலைத்துவிட்டது. ‘உறைவிடம்’ நல்ல சொல், ஆனால் உண்டு உறைவிடப் பள்ளி என்ற வழக்கால் மாணவர் விடுதியை நினைவூட்டும். அதைவிட முக்கியமாக, அது இடத்தைக் குறிக்கிறதே தவிர ஏற்பாட்டைக் குறிக்கவில்லை. ஈழத்தமிழில் ‘வதிவிடப் பயிற்சி’ என்று செம்மையாக வழங்குகிறார்கள். ‘வதிதல்’ பழந்தமிழ் வினை என்றாலும் இங்கே பேச்சில் இல்லை. எல்லைத் தமிழில் ‘எங்கே தாமசம்?’ என்று கேட்கிறோம். மலையாளத்தில் ‘தாமசம்’ குடியிருத்தலையும் காலந்தாழ்த்தலையும் சேர்த்தே குறிக்கும். ரெசிடென்சியின் இயல்புக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. இருந்தாலும் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் தாமதம் என்ற பொருள் மட்டுமே எஞ்சும் என்பதால் இதைப் பொதுச்சொல்லாக்க இயலாது.

எனவே ‘உறைதல்’ என்ற வினையிலிருந்து ‘உறைவு’ என்ற தொழிற்பெயரை எடுத்து, ‘கலைஞர் உறைவுத் திட்டம்’ எனலாம் என்பது என் கருத்து. இடம் அன்று, தங்கும் செயலும் அதன் காலமும் முன்னிற்பதே இதன் நயம். தங்குபவர் ‘உறைவுக் கலைஞர்’, தங்குமிடம் ‘உறைவகம்’. தயிர் உறைவது நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் குறை சொன்னார், வரட்டும்.

விண்ணப்பம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் அங்கே ரெசிடென்சி என்று எழுதுவதைத் தவிர்க்க முடியாது. தமிழில் அறிவிக்கும்போதேனும் சொற்களைப் பிரித்து ஆள வேண்டும். ‘ஓப்பன் கால்’ என்பது விண்ணப்ப அழைப்பு. ‘போர்ட்ஃபோலியோ’ படைப்புத் தொகுப்பு. ‘கிராண்ட்’ என்பதை நல்கை எனலாம். அது செய்யவிருக்கும் வேலைக்குத் தரப்படுவது, தங்கும் நாள்களுக்கான ‘ஸ்டைபெண்ட்’ படித்தொகை. உறைவின் முடிவில் பொதுமக்கள் வந்து பார்க்கும் ‘ஓப்பன் ஸ்டுடியோ’ கண்காட்சியாகாது. முடியாத வேலையையும் அங்கே காட்டலாம் என்பதால் அதைத் ‘திறந்த பணிக்கூடம்’ என்றே சொல்ல வேண்டும்.