கண்ணாடி டாலரின் ஆயுள் ஆறுவதில் இருக்கிறது

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில் எல்லாமே தலைகீழ். கண்ணாடியின் பின்பக்கம் வரைந்து முன்பக்கமாகப் பார்ப்பதால், கண்ணின் கோடும் நகையின் புள்ளியும் முதலில் வரும், முகத்தின் நிறம் அப்புறம், பின்னணி கடைசியில். அழகான கலை. ஆனால் வண்ணம் குளிர்ந்த கண்ணாடியின் மேல் வெறுமனே ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை ஈரம் ஆண்டாண்டாகப் பட்டால் செதில் செதிலாக உரிந்துவிடும்.

இரண்டு ஜன்னல் கண்ணாடித் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, சூளையில் உருக்கிச் செய்யும் கண்ணாடி டாலரில், அதாவது கழுத்துச் சங்கிலியில் தொங்கும் பதக்கத்தில், அந்தக் கவலை இல்லை. அங்கே வண்ணமே கண்ணாடிதான். எனாமல் என்பது குறைந்த வெப்பத்தில் உருகும் கண்ணாடியை மாவாக அரைத்து உலோக ஆக்சைடு சேர்த்தது. கோபால்ட் நீலம் தரும், தாமிரம் பச்சை, மாங்கனீஸ் ஊதா. இந்தப் பொடியைத் தண்ணீரும் கொஞ்சம் பிசினும் விட்டுக் குழைத்து பிரஷ்ஷால் தீட்டுகிறார்கள். மேல் துண்டின் அடிப்பக்கம் தீட்டினால் தஞ்சாவூர் ஓவியரின் அதே தலைகீழ் வரிசைதான். நன்றாகக் காயவிட வேண்டும். சூளையில் பிசின் எரிந்து போய், பொடி கண்ணாடியோடு கலந்துவிடும். கடையில் விற்கும் சாதாரண பெயிண்ட் இந்தச் சூட்டில் கருகிவிடும்.

கண்ணாடிக்குப் பனிக்கட்டி மாதிரி குறிப்பிட்ட உருகுநிலை கிடையாது. வெல்லப்பாகு போலச் சூடு ஏற ஏற இளகும். சுமார் 650 டிகிரி செல்சியஸில் தளரத் தொடங்கும். துண்டுகளுக்கு நடுவே உள்ள காற்று வெளியேற அங்கே அரை மணி நேரம் நிறுத்துவது நல்லது, இல்லாவிட்டால் குமிழி விழும். 750-ஐ நெருங்கும்போது துண்டுகள் ஒட்டும், 800-ஐத் தாண்டினால் ஒரே வில்லையாகும். 3 மி.மீ. துண்டுகள் இரண்டை அடுக்குவதற்கும் காரணம் உண்டு. உருகிய கண்ணாடியின் பரப்பு இழுவிசையும் எடையும் சமனாவது ஏறக்குறைய 6 மி.மீ. தடிமனில். ஒற்றைத் துண்டு ஓரம் உள்ளிழுத்துச் சுருங்கும், மூன்றடுக்கு வழிந்து பரவும்.

சரி, உருகிவிட்டது. வேலை பாதிதான் முடிந்தது. பெரும்பாலான டாலர்கள் உடைவது ஆறும்போதுதான். வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும், உள்ளே இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும். அந்த இழுபறி உள்ளே தங்கிப்போனால், ஒருநாள் சும்மா மேசையில் வைத்தாலே விரிசல் விடும். அதனால் ஜன்னல் கண்ணாடியை 550 டிகிரி பக்கத்தில் அரை மணி நேரமாவது நிறுத்தி, பிறகு மெதுவாக இறக்க வேண்டும். கைச்சூட்டுக்கு வரும்வரை சூளைக் கதவைத் திறக்கவே கூடாது. ஆடிக்காற்றில் நம் பக்கம் கரண்ட் போவது சாதாரணம். போனாலும் திறக்க வேண்டாம், செங்கல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் வந்ததும் மறுபடி மெல்ல 550-க்கு ஏற்றி நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு வேறு கண்ணாடிகளைச் சேர்ப்பது இதைவிட ஆபத்து. ஒரு வகை, ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் கோடியில் 90 பங்கு சுருங்குகிறது, இன்னொன்று 96 பங்கு என்று வையுங்கள். 4 செ.மீ. டாலர் 500 டிகிரி ஆறும்போது முதலாவது 0.180 மி.மீ. குறையும், இரண்டாவது 0.192. வித்தியாசம் 0.012 மி.மீ., தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வளையத் தெரியாத கண்ணாடிக்கு அதுவே போதும், உடைந்துவிடும். கும்பகோணத்துக் கண்ணாடிக் கடையில் வெட்டுத் துண்டுகள் கேட்டு வாங்கினால், ஒரே தகட்டிலிருந்து வந்தவையாகப் பார்த்து வாங்குங்கள். பாட்டில் துண்டையும் ஜன்னல் துண்டையும் கலக்காதீர்கள்.

அந்த இழுபறியால் வரும் இழுவிசை உள்ளே தங்கியிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்து, போலராய்டு கூலிங் கிளாஸைத் திரை இருட்டாகும்வரை திருப்புங்கள். நடுவே டாலரைப் பிடியுங்கள். நிம்மதியான கண்ணாடி இருட்டாகவே இருக்கும், இழுவிசை உள்ள இடத்தில் வெளிச்சம் தெரியும். அப்படித் தெரிந்தால் மறுபடி 550-க்கு ஏற்றி மெதுவாக ஆறவிடுங்கள். அவசரமாக ஆறியதால் வந்த இழுவிசை என்றால் வெளிச்சம் மறைந்துவிடும். இரு துண்டுகளும் சேரும் கோட்டில் மட்டும் வெளிச்சம் நின்றால், அது பொருந்தாத கண்ணாடி. எத்தனை முறை சூளையில் வைத்தாலும் போகாது. அதை யார் கழுத்துக்கும் கொடுக்க வேண்டாம்.