யானைக்காலில் நிணநீர்ப் படம்: கெடுவது எங்கே?

யானைக்கால் என்றால் என்னவென்று வட ஆற்காட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீங்கிய காலில் நிணநீர் (திசுக்களிலிருந்து வடிந்து ரத்தத்துக்குத் திரும்பும் நீர், லிம்ஃப்) எந்த வழியாக ஓடுகிறது, எங்கே கசிகிறது என்பதைக் கத்தி வைக்காமலே பார்க்க இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயமும் அகச்சிவப்புக் கேமராவும் போதும்.

மொபைல் டார்ச்சை விரலால் மூடிப் பாருங்கள், சிவப்பு மட்டும்தான் வெளியே வரும். மற்ற நிறங்களை ரத்தம் விழுங்கிவிடுகிறது. 700 முதல் 900 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை ரத்தமும் தண்ணீரும் அவ்வளவாகத் தொடுவதில்லை. உடம்புக்குள் போன சாயம் 800-ஐ ஒட்டிய ஒளியை வாங்கி 830 வாக்கில் ஒளிரும். அதை மட்டும் கேமராவின் ஃபில்டர் உள்ளே விடும்.

பேச்செல்லாம் கேமரா விலையைப் பற்றித்தான். ஆனால் படம் கெடுவது பெரும்பாலும் சாயத்தைக் கரைக்கும் குப்பியில். 25 மில்லிகிராம் தூளுக்கு 10 மில்லி ஸ்டெரைல் வாட்டர். கைக்கு எட்டிய சலைனில் கலக்கினால் உப்பு பட்டுச் சாயம் திரண்டு, ஒளி மங்கும். கெட்டியாகக் கலக்கினாலும் அதே கதிதான்: மூலக்கூறுகள் நெருங்கினால் ஒன்றின் ஒளியை இன்னொன்று அணைத்துவிடும். கரைத்ததை வெளிச்சம் படாமல் வைத்து 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். தூளில் அயோடைடு உண்டு. அயோடின் ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்காமல் ஊசியைத் தொடக் கூடாது.

கால் விரலிடுக்கில், தோலுக்குள்ளேயே, 0.1 முதல் 0.2 மில்லி. சின்னக் கொப்புளம் எழும்பினால் ஊசி சரியான ஆழத்தில் இருக்கிறது. ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் திரையில் விளக்காக எரியும், துடைத்தால் இன்னும் பரவும். ஊசி போட்ட இடத்தையும் மறைக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பளிச்சில், பக்கத்தில் கோடுகளாகத் தெரியும் நிணநீர்க் குழாய்கள் காணாமல் போகும். கறுப்புத் துணியை நம்பாதீர்கள், சாயம் போட்ட பல துணிகள் அகச்சிவப்பில் வெளுப்பாகத்தான் தெரியும். அலுமினியத் தாள் வையுங்கள்.

அடுத்த எதிரி ஜன்னல். வேலூர் வெயிலில் ஒரு கீற்று உள்ளே விழுந்தாலும் திரை வெளிறிவிடும். ஹாலஜன் விளக்கும் அப்படித்தான்; வெள்ளை எல்இடியால் அவ்வளவு தொல்லையில்லை. பாதத்தில் பூசிய மஞ்சளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ஒளிர்வது நீல ஒளிக்கு.

நல்ல காலில் நூல் பிடித்ததுபோல் கோடு மேலேறும். குழாய் பழுதானால் தண்ணீர் தெளித்ததுபோலவோ நட்சத்திரப் புள்ளிகளாகவோ சாயம் தோலுக்கே திரும்பும். உடனே எடுத்த படத்தோடு விட்டுவிடாமல் சில மணி நேரம் கழித்தும் எடுக்க வேண்டும். மெதுவான கசிவு அப்போதுதான் சிக்கும். இந்த ஒளிக்கு எட்டும் ஆழம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். தடித்த காலில் கோடே தெரியாவிட்டால் ‘குழாய் இல்லை’ என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள். கொழுப்புக்கு அடியில் அது ஓடிக்கொண்டிருக்கலாம்.