எல்இடி சுவரை இருட்டுப் படம் போட்டுப் பாருங்கள்

"அலுவலக வரவேற்பறையில் எல்இடி சுவர் வைக்கப் போகிறோம். மாதிரித் திரையைக் கைபேசியில் படம் எடுத்தால் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. கண்ணால் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. பழுது திரையிலா, கேமராவிலா?" இது ஒரு வாசகரின் கேள்வி. விற்பனையாளர் தந்த விவரத்தாளையும் கூடவே அனுப்பியிருக்கிறார். பிட்ச், நிட், ஹெர்ட்ஸ், பிட் என்று அதில் எண்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

இரண்டிலுமே பழுது இல்லை. ஆனால் அந்தப் பட்டைகளை அலட்சியம் செய்ய வேண்டாம். விவரத்தாள் சொல்லாத பலவற்றை அவை சொல்கின்றன. அதற்கு முன், தாளில் இருக்கும் எளிய எண்கள் இரண்டை முடித்துவிடலாம்.

முதலாவது பிட்ச். எல்இடி சுவரில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்இடிகளால் ஆனது. அவையே எரிந்து படத்தைக் காட்டுகின்றன. பின்னாலிருந்து விளக்கு போடும் வேலை இங்கே கிடையாது. சிறு மாட்யூல்கள் சேர்ந்து ஒரு கேபினெட், கேபினெட்டுகளை அடுக்கினால் சுவர். அடுத்தடுத்த இரண்டு பிக்சல்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் பிட்ச். பி2.5 என்றால் 2.5 மில்லிமீட்டர்.

நல்ல பார்வையுள்ள கண்ணால் ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு கோணம் வரை பிரித்துப் பார்க்க முடியும். பள்ளியில் படித்த முக்கோணவியலைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொண்டால், 1 மில்லிமீட்டர் இடைவெளி அந்தக் கோணத்துக்குள் அடங்க ஏறக்குறைய 3.4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று தெரியும். ஆக, பிட்சை 3.4-ஆல் பெருக்குங்கள். பி2.5 திரையில் எட்டரை மீட்டருக்கு அப்பால் புள்ளிகள் முழுதாகக் கலந்துவிடும். பி10 திரைக்கு 34 மீட்டர். "பிட்ச் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மீட்டர்" என்று தொழிலில் இருப்பவர்கள் ஒரு குறுக்குக் கணக்கு சொல்வார்கள். அது சகித்துக்கொள்ளக்கூடிய மிகக் குறைந்த தூரம். அங்கே நின்றால் புள்ளிகள் இன்னும் தெரியும். லாஸ் வேகாஸில் 2023-இல் திறக்கப்பட்ட ஸ்பியர் அரங்கின் வெளிப்பக்கத்தில் விளக்குகள் 8 அங்குல இடைவெளியில், அதாவது சுமார் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருக்கின்றன. நம் கணக்குப்படி 700 மீட்டர் தள்ளி நின்றால்தான் அவை கலக்கும். அது நகரமே பார்க்கும் கோளம் என்பதால் யாருக்கும் புகார் இல்லை.

பிட்சைப் பாதியாகக் குறைத்தால் எல்இடிகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. செலவும் அதே திசையில்தான் போகும். எனவே முதலில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, மிக அருகில் நிற்கப்போகும் ஆள் எங்கே நிற்பார் என்று அளந்துவிடுங்கள். பி2.5-இல் முழு எச்டி (1,920 × 1,080 பிக்சல்) படம் வேண்டுமென்றால் சுவர் 4.8 மீட்டர் அகலமும் 2.7 மீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முகங்களும் காட்சிகளும் ஓடும் சுவருக்கு அதைவிடக் குறைந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. அட்டவணையும் சிறிய எழுத்தும் காட்ட வேண்டும் என்றால் நஷ்டம்தான்.

இரண்டாவது எண் நிட், அதாவது திரை எவ்வளவு பிரகாசமாக ஒளிர்கிறது என்பதன் அலகு. உள்ளரங்கத் திரைகளில் 600 முதல் 1,000 நிட் வரை, வெயிலில் நிற்கும் திரைகளில் 5,000-க்கு மேல் என்று போட்டிருப்பார்கள். வெயிலுக்கு ஏன் இவ்வளவு? ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறோம்; நேரடி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். திரையின் முகத்திலுள்ள கறுப்புப் பரப்பு அதில் 3 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் திரையை அணைத்திருக்கும்போதே அந்தக் "கறுப்பு" 950 நிட் அளவுக்கு ஒளிர்கிறது! 5,000 நிட் திரை அங்கே காட்டும் வெள்ளை, தன் கறுப்பைவிட ஆறு மடங்குதான் பிரகாசம். ஆகவே வெளித்திரை வாங்குபவர் நிட்டைக் கேட்பது போலவே முகப்பு எவ்வளவு பளபளப்பில்லாத அடர் கறுப்பு என்பதையும் பார்க்க வேண்டும். 500 லக்ஸ் வெளிச்சமுள்ள அறையில் இதே கறுப்பு 5 நிட்டைத் தாண்டாது. அங்கே ஆயிரம் நிட் திரையை முழுதாக எரியவிட்டால் கண் கூசும். பெரும்பாலும் 20, 30 சதவீதத்துக்குக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். இந்த "குறைத்து" என்ற சொல்லை நினைவில் வைத்திருங்கள், திரும்ப வருவோம்.

சரி, இப்போது பட்டைகள். எனக்கு இந்தச் சுவர்களில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு எல்இடியை மங்கலாக எரியவைக்க நாம் முதலில் நினைப்பது, அதில் ஓடும் மின்னோட்டத்தைக் குறைப்பது. அதில் ஒரு சிக்கல். பச்சை, நீல எல்இடிகளில் மின்னோட்டம் மாறினால் வெளிச்சத்தோடு நிறமும் லேசாக நகர்ந்துவிடும். அதனால் எல்இடிகளை இயக்கும் டிரைவர் சிப் மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு நேரத்தோடு விளையாடுகிறது. எரிந்தால் முழு வேகத்தில் எரி, இல்லையென்றால் அணைந்து கிட. வெளிச்சம் எவ்வளவு என்பது எவ்வளவு நேரம் எரிந்தது என்பதைப் பொறுத்தது. கண் அதைச் சராசரி எடுத்துக்கொள்கிறது. வீடியோவில் 0 முதல் 255 வரை உள்ள அளவில் நடுச் சாம்பலாகிய 127-ஐக் காட்டும் பிக்சல், வீடியோ எண்ணை வெளிச்சமாக மாற்றும் காமா கணக்குப்படி, தனக்குரிய நேரத்தில் சுமார் 22 சதவீதம் மட்டுமே எரிகிறது. மீதி நேரமெல்லாம் இருட்டு. நாம் பார்க்கும் படத்தின் பெரும்பகுதி அணைந்த விளக்குகளால் ஆனது என்று சொன்னால் மிகையில்லை.

இதற்கு மேல் இன்னொரு தந்திரம். முழு எச்டி சுவரில் சுமார் 62 லட்சம் எல்இடிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு கொடுத்தால் பலகையின் பின்பக்கம் சிப்புகளுக்கே போதாது. அதனால் 16 வரிசைகள் ஒரே இணைப்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன. முதல் வரிசை எரிந்து அணையும், அடுத்தது இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. இதற்கு 1/16 ஸ்கேன் என்று பெயர். எந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தாலும் பதினாறில் ஒரு வரிசைதான் எரிந்துகொண்டிருக்கும். அதிக வெளிச்சம் தேவைப்படும் வெளித்திரைகள் இதனால்தான் 1/4 போன்ற குறைந்த பங்கீட்டோடு நிற்கின்றன.

இப்போது நேரக் கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 60 படங்கள். ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி. அதை 16 வரிசைகள் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லி நொடி சொச்சம். விவரத்தாளில் "16 பிட் கிரேஸ்கேல்", அதாவது 65,536 வெளிச்சப் படிகள், என்று போட்டிருந்தால், அந்த ஒரு மில்லி நொடியை 65,536 துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒரு துண்டு சுமார் 16 நானோ நொடி. அதற்குள் ஒளியே 5 மீட்டர் தூரத்தைக் கடக்காது. எல்இடி விழித்து எரியத் தொடங்கவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும்.

கேமராவில் பட்டை விழுவது இங்கேதான். கைபேசிக் கேமரா படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாக எடுக்கிறது. ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை நொடிக்கு 960 முறை மட்டுமே சுழற்சியை முடிக்கிறது என்றால், கேமராவின் சில வரிகளுக்கு ஒரு துடிப்பு கிடைக்கும், சிலவற்றுக்கு எதுவுமே கிடைக்காது. எதுவும் கிடைக்காத வரிகள் கறுப்புப் பட்டையாகின்றன. விவரத்தாளின் ஹெர்ட்ஸ் எண் இதைத்தான் சொல்கிறது: நொடிக்கு 3,840 முறை துடிக்கும் 3,840 ஹெர்ட்ஸ் திரையில் எல்லா வரிகளுக்கும் மூன்றோ நான்கோ துடிப்புகள் கிடைத்துவிடும், பட்டை மங்கிவிடும்.

ஒரு வரிசை 3,840 முறை எப்படி எரிகிறது? அந்த ஒரு மில்லி நொடியை ஒரே மூச்சில் கொடுக்காமல் 64 பகுதிகளாகப் பிரித்து, படம் நிற்கும் நேரம் முழுக்கத் தூவிவிடுகிறார்கள். ஒரு குடம் தண்ணீரைச் செடிக்கு ஒரேயடியாக ஊற்றாமல் நாள் முழுக்கச் சொட்டவிடுவது போல. மொத்த வெளிச்சம் அதேதான். ஆனால் எரிவதும் அணைவதும் 64 மடங்கு அடிக்கடி நடக்கின்றன. 60-ஐ 64-ஆல் பெருக்கினால் 3,840.

குடத்தில் 64 சொட்டு இல்லாதபோது என்ன ஆகும்? கறுப்புக்கு மிக அருகிலுள்ள 10 என்ற அளவை எடுத்துக்கொள்ளுங்கள். காமா கணக்கில் அது 65,536-இல் வெறும் 53 துண்டு. 64 பகுதிகளுக்கு ஆளுக்கு ஒன்றுகூட வராது. திரையின் வெளிச்சத்தை 20 சதவீதத்துக்குக் குறைத்திருந்தால், அதுவும் துண்டுகளின் எண்ணிக்கையைச் சுருக்கும் முறையில் குறைத்திருந்தால், மிஞ்சுவது பத்துத் துண்டு. ஒரு படத்துக்குப் பத்துத் துடிப்பு, நொடிக்கு 600. தாளில் 3,840 என்று பெருமையாக நின்ற எண், இருட்டுக் காட்சியில் 600 ஆகிப்போகிறது! 1 என்ற அளவுக்கோ ஒரு துண்டில் மூன்றிலொரு பங்குதான் வருகிறது. அந்த நிழல் மறைந்தே போகும். நிழலில் நிற்கும் முகம், இரவு வானம், கறுப்புக் கோட்டின் மடிப்புகள் எல்லாம் இந்தக் கீழ்க் கோடியில்தான் வாழ்கின்றன. தரமான டிரைவர் சிப்புகள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. வெளிச்சத்தைக் குறைக்கும் வேலையை மின்னோட்டத்தில் செய்துவிட்டு எண்களைச் சுருக்காமல் விடுவது ஒன்று. அடுத்தடுத்த படங்களில் துண்டுகளை மாற்றி மாற்றித் தந்து இடைநிலை நிழல்களை உண்டாக்குவது இன்னொன்று. முதல் வழியில் நிறம் கொஞ்சம் நகரும். ஆனால் எல்லாப் பிக்சலும் சேர்ந்தே நகர்வதால் ஒரே முறை திருத்திவிடலாம்.

அதனால் வாசகருக்கு என் பதில்: மாதிரித் திரையில் விற்பனையாளர் ஓட்டும் பூக்களையும் கிளிகளையும் பார்த்துத் தலையாட்ட வேண்டாம். பளிச்சென்ற படத்தை எந்தத் திரையும் நன்றாகக் காட்டும். உங்கள் அறையில் வைக்கப்போகும் வெளிச்சத்துக்குத் திரையைக் குறைக்கச் சொல்லுங்கள். கறுப்பிலிருந்து அடர் சாம்பல் வரை மெல்ல மாறும் ஒரு படத்தைப் போடச் சொல்லுங்கள். படிக்கட்டு போலத் தெரிகிறதா, எங்காவது பச்சையோ சிவப்போ தலைகாட்டுகிறதா, பாருங்கள். அப்புறம் கைபேசியில் ஷட்டரை ஆயிரத்தில் ஒன்றாக வைத்துப் படம் எடுங்கள். கடைசியாக, கறுப்பின் மேல் மெல்லிய வெள்ளைச் சாய்கோடு ஒன்று. வரிசை மாறும்போது பழைய வரிசையின் கம்பியில் மிஞ்சிய மின்னூட்டம் முழுதாக வடியவில்லை என்றால், கோட்டுக்கு மேலோ கீழோ மங்கலான நிழல்கோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். இவ்வளவுக்கும் கால்மணி நேரம் போதும். இதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் ஏன் வாங்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. பெரிய எண் என்றாலே நல்ல திரை என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். அது விவரத்தாளில் அச்சாகி வருவதால் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இந்த இடத்தில் நீலத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை நிக் ஹோலோன்யாக் 1962-இலேயே செய்துவிட்டார். பிரகாசமான நீலம் வர 1990-கள் ஆயின. நீலத்துக்கு வேண்டிய காலியம் நைட்ரைடு என்ற பொருளில் நல்ல படிகம் வளரவே மாட்டேன் என்றது. பலர் அதைக் கைவிட்டு வேறு பொருள்களுக்குப் போனார்கள். இசாமு அகாசாகியும் அவர் மாணவர் ஹிரோஷி அமனோவும் நகோயா பல்கலைக்கழகத்தில் அதிலேயே கிடந்தார்கள். நிச்சியா என்ற நிறுவனத்தில் ஷூஜி நகாமுரா தனி வழியில் முயன்று 1993-இல் வெற்றி கண்டார். மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு. இன்றைய மூன்றாண்டு ஆராய்ச்சி நிதித் திட்டங்களில் இந்த வேலை இரண்டாவது ஆண்டு மதிப்பீட்டிலேயே நிறுத்தப்பட்டிருக்கும் என்பது என் அபிப்பிராயம். நீலம் இல்லாமல் முழு வண்ணச் சுவரே கிடையாது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு எல்இடி மற்ற இரண்டிலிருந்து வேறான பொருள். அதற்குச் சுமார் 2 வோல்ட் போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் பக்கம் தேவை. மூன்றுக்கும் ஒரே மின்னழுத்தம் கொடுத்தால் சிவப்பின் உபரி வெப்பமாகிறது. தனித்தனியாகக் கொடுக்கும் காமன் கேத்தோடு திரைகள் அதை மிச்சப்படுத்துகின்றன. சூடு ஏறினால் முதலில் மங்குவதும் சிவப்புதான். எனவே வெயிலில் நிற்கும் திரைக்குக் காற்றோட்டம் நிறத்துக்கே அவசியம். வெளித்திரைக்கு ஐபி65 என்ற பாதுகாப்புத் தர எண்ணைக் கேளுங்கள்: 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். முன்பக்கத்துக்கு மட்டும் ஐபி65 சொல்லிவிட்டுப் பின்பக்கத்துக்கு ஐபி54 தருவது வழக்கம் என்பதால் இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இருட்டியதும் வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும் உணரி கட்டாயம் வேண்டும். முழுநிலவின் முகமே சில ஆயிரம் நிட்தான். அதற்கு இணையான ஒரு சுவர் நள்ளிரவில் சாலையோரம் எரிந்தால் வண்டி ஓட்டுபவர் கதி என்ன?

மாற்று மாட்யூல்களையும் முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள், அதுவும் அதே உற்பத்தித் தொகுதியிலிருந்து. எல்இடிகளைத் தயாரித்தபின் நிறமும் வெளிச்சமும் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். வேறு தொகுதியின் மாட்யூலைப் பின்னால் கொண்டுவந்து பொருத்தினால், வெள்ளைப் படம் வரும்போதெல்லாம் அந்தச் சதுரம் மட்டும் தனியாகத் தெரியும். கேமரா வைத்து ஒவ்வொரு பிக்சலையும் அளந்து சமன்செய்ய முடியும்தான். அந்தச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.