பதற்றம் போச்சு, ஆசையும் போச்சா?

பதற்றத்துக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை வேலை செய்கிறது. படபடப்பு இல்லை, தூக்கம் வருகிறது. தாம்பத்தியத்தில் மட்டும் நாட்டம் விட்டுப்போகிறது. இதைச் சொல்ல வெட்கப்பட்டு, காட்பாடியிலும் குடியாத்தத்திலும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. ‘நரம்புத் தளர்ச்சி’ விளம்பரத்தைப் பார்த்து லேகியம் தேடிப் போகிறவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். இது மாத்திரையின் வேலை, உங்கள் குறை அல்ல.

எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின், பராக்ஸிடின் எல்லாம் ஒரே குடும்பம். ஒரு நரம்பு செல் அடுத்ததற்குச் செய்தி சொல்ல செரோடோனின் என்ற ரசாயனத்தை வெளிவிடும், பிறகு தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த மாத்திரைகள் உறிஞ்சும் வழியை அடைத்துவிடுவதால் செரோடோனின் அங்கேயே தங்குகிறது. சில வாரங்களில் பதற்றம் தணிகிறது. ஆனால் அதே செரோடோனின் தண்டுவடத்தில் உச்சநிலைக்கு பிரேக் போடுகிறது. மூளையில் செரோடோனினின் செய்தியை வாங்கும் 5-எச்டி2 என்ற ஏற்பிகள் வழியாக, ஆசையைத் தூண்டும் டோபமினையும் அடக்குகிறது. அதனால்தான் ஆணுக்கு விந்து வரத் தாமதம், பெண்ணுக்கு வறட்சி, இருவருக்கும் நாட்டக் குறைவு. இதே குடும்பத்து டபாக்ஸிடினை விந்து முந்துவதற்கு மருந்தாகவே கொடுக்கிறார்கள் என்றால் பாருங்களேன்!

வழி தெரிந்ததால் மாற்றும் தெரியும். மிர்ட்டாசபின் என்ற மாத்திரை அந்த 5-எச்டி2 ஏற்பிகளையே மூடிவிடும். தொல்லை குறையும், ஆனால் தூக்கமும் பசியும் கூடி எடை ஏறும். பஸ்பிரோன் உறிஞ்சும் வழியைத் தொடுவதே இல்லை. நாள்பட்ட பதற்றத்துக்கு உதவும், பலன் தெரிய 2 முதல் 4 வாரம் பொறுக்க வேண்டும். புப்ரோபியான் ஆசையைக் கெடுப்பது அரிது. இருந்தாலும் சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும், வலிப்பு உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. சிலருக்கு மாத்திரையை மாற்றாமல் அளவைக் குறைத்தாலே போதும்.

மாற்றும் விதம்தான் முக்கியம். பராக்ஸிடின் உடம்பிலிருந்து சீக்கிரம் போய்விடும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி உணர்வு எல்லாம் வரும். அதே குடும்பத்து ஃப்ளூவாக்ஸிடின் நேர்மாறு, நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் தங்கும். அது இருக்கும்போதே இன்னொன்றைச் சேர்த்தால் செரோடோனின் மிகுந்து நடுக்கம், காய்ச்சல், உடல் விறைப்பு வரலாம். ஒன்றைப் படிப்படியாக இறக்கி இன்னொன்றை ஏற்றும் கணக்கை மனநல மருத்துவர்தான் போட வேண்டும்.

வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் குடும்பத்தாரும் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது நெடுநாள் வழக்கம். மிக நல்ல வழக்கம். ஆனால் எங்கே காட்டினாலும், அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது இந்தப் பேச்சு வாயில் வராது. “டாக்டர், தனியா ஒரு விஷயம் பேசணும்” என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. தொல்லை மாத்திரைக்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை நோய், பிரஷர் மாத்திரை, குடி, ஏன், பதற்றமேகூட இதே தொல்லையைத் தரும். அப்படியானால் மாத்திரையை மாற்றியும் பயன் இருக்காது.